மும்பை: தொழில் மாற்றமும் தமிழர் குடியிருப்புகளும்

நகரமொன்றின் வளர்ச்சியும் தேய்வும் ஜனத்தொகைக் கணக்கினால் மட்டும் விளங்குவனவல்ல. எந்தத் தொழில் எவ்விடத்தை விட்டு நீங்கிற்று, அங்கே பின்னர் எது வந்தமர்ந்தது, பிழைப்பு இழந்தோர் எங்கே சென்றனர் என்று தொடர்ந்து பார்த்தால்தான் அதன் சரித்திரம் புலப்படும். மும்பையும், அங்கே தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளும் இதற்குத் தக்க உதாரணங்கள்.

1853-இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், மறு ஆண்டே காவஸ்ஜி தாவர் பஞ்சாலை நிறுவ முற்பட்டதும், அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இந்தியப் பருத்திக்குக் கிராக்கி ஏறியதும் சேர்ந்து, துறைமுகமாயிருந்த தீவுநகரை ஆலைநகரமாக்கின. பரேல், லால்பாக் எங்கும் புகைபோக்கிகள் எழுந்தன. கொங்கணத்திலிருந்து வந்த தொழிலாளர் ‘சால்’ எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். 1896-இல் பிளேக் நோய் பரவி மக்களை வாரிக்கொண்டு போனபின், 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைந்து, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகளையும் தோட்டங்களையும் வகுத்தது. ஆங்கிலக் கல்வியோடு சுருக்கெழுத்தும் கற்று உத்தியோகம் தேடி வந்த தென்னிந்தியர் மாட்டுங்காவில் குடியமர்ந்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே 1932-இல் தோன்றிற்று.

அதே நகரம் தனக்கு வேண்டியும் அருகில் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்களை ஒதுக்கிய இடம் தாராவி. மாஹிம் கழிமுகத்தை அடுத்துக் கோலி மீனவர் வாழ்ந்த அச்சதுப்புக்குச் சௌராஷ்டிரத்துக் குயவர் சூளைகளோடு வந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் தோல் பதனிட வந்தனர். உப்பிட்ட தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சதையும் வழித்தெடுத்து, பட்டைச் சாற்றில் நாட்கணக்கில் பதப்படுத்தும் அவ்வேலையில் இறங்கியவரின் கைகால்கள் வெடித்துப் புண்ணாகும். நாற்றமோ குளித்தாலும் போகாது. குப்பையும் மண்ணும் கொட்டி அவர்கள் தூர்த்த சேறே வீடு கட்டத்தக்க நிலமாயிற்று. அந்நிலத்தை உண்டாக்கியவர் அவர்களே என்பது பிற்காலத் திட்டங்களில் போதிய அளவு மதிக்கப்படவில்லை.

விடுதலைக்குப்பின் கிழக்கே திராம்பேயில் 1950-களின் நடுவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அனல்மின் நிலையமும், அடுத்த பத்தாண்டில் உரத்தொழிற்சாலையும் எழ, செம்பூர் பெருகிற்று. மாட்டுங்காவில் இடம் போதாத குடும்பங்கள் பல அங்கே பெயர்ந்தன. வேலையோடு ஆலைப்புகையும் வீடுதேடி வந்தது.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய 2.5 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தமே ஆலைகளை அழித்தது என்பது சாதாரணமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மையே. பழைய எந்திரங்களை மாற்ற முதலிடாமை முன்பே ஆலைகளை அரித்திருந்தது. நெசவு பிவண்டியின் விசைத்தறிகளுக்கு நகர்ந்து கொண்டிருந்தது. ஆகவே துணி உற்பத்தி மறையவில்லை. நிரந்தர வேலையும், வைப்பு நிதியும், சங்கத்தின் பாதுகாப்புமே மறைந்தன. ஆலை நிலத்தில் மூன்றிலொரு பங்கு பொதுவெளிக்கும், மற்றொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் உரியதென்று 1991-இல் வகுத்த விதி, 2001-இல் கட்டடமில்லாத வெற்றிடத்துக்கு மட்டுமே என்று சுருக்கப்பட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நகரம் இழந்த பேறுகளில் இந்நிலத்துக்கு ஈடானவை மிகச் சிலவே. ஃபீனிக்ஸ் ஆலை இன்று அங்காடி வளாகம்.

ஆலைகளில் ஒடுங்கிய உழைப்பு தாராவியின் சிறு அறைகளில் பெருகிற்று. தோல் பதனிடுதல் பெரும்பாலும் அகற்றப்பட்டபின் பை, வார் தைக்கும் தொழில் அங்கேயே நிலைத்தது. விடியுமுன் பெண்கள் அவித்தெடுக்கும் இட்லியை அலுமினியப் பாத்திரத்தில் ஏற்றி, சைக்கிளில் ரப்பர்க் குழலூதி விற்போர் நகரெங்கும் செல்கின்றனர். இதற்கிடையே, ஊர்ப்புறமாயிருந்த தாராவி, இருப்புப்பாதைகள் இரண்டுக்கும் நடுவே, பாந்திரா–குர்லா வணிக வளாகத்தின் எதிரே, விலைமதிப்புள்ள மையமாகிவிட்டது. 2022-இல் அதனைப் புதுப்பிக்கும் ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகச் சான்று காட்டுவோருக்குத் தாராவிக்குள் இலவச வீடு உண்டு. ஏணியேறிச் செல்லும் மாடியறைகளில் வாழ்வோருக்கு வேறிடத்தில்தான் வீடு. தையல் எந்திரங்களில் பல ஓடுவது அந்த மாடிகளில்தான்.