சிகரெட்டின் பெயரில் ஒரு கிண்ணம்

செனாவாங்கிலிருந்து பாரோய் அரங்கத்துக்குக் காற்பந்து பார்க்கப் போன ஒரு தலைமுறைக்கு டன்ஹில் என்றால் முதலில் லீக், பிறகுதான் சிகரெட். அரைத் தொழில்முறை லீக் தொடங்கிய 1989 முதல் 2004 வரை மலேசியக் காற்பந்தோடு அந்தப் பெயர் ஒட்டியே கிடந்தது. டன்ஹில் போனது, மலேசியக் கிண்ணம் நிலைத்தது. 1921இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல் மாலுமிகள் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என இரண்டு கிண்ணங்களை வழங்கினார்கள். காற்பந்துக் கிண்ணத்தின் வழிவந்ததே மலேசியக் கிண்ணம். 1948இல் அதை வென்ற நெகிரி செம்பிலான், 61 ஆண்டுகள் காத்திருந்து 2009இல் கிளந்தானை 3–1 என வீழ்த்தி மீண்டும் வென்றது. இடையில் வந்துபோன ஆதரவாளர்கள் யார் என்று எவரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

இங்கிலாந்தின் ரக்பி லீக்கில் கதை நேர்மாறாக நடந்தது. அங்கே ஒரு கிண்ணத்துக்கு ஆதரவாளரின் பெயரைத் தவிர வேறு பெயரே இருக்கவில்லை.

1965 ஆகஸ்ட் 1 முதல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. புகையிலை நிறுவனங்கள் விளையாட்டுத் திடல் வழியாக உள்ளே வந்தன. ஜான் பிளேயர் நிறுவனம் 1969இல் கிரிக்கெட்டின் ஞாயிறு லீக்கைப் பிடித்தது. 1971இல் ரக்பி லீக்குக்கு நாக்-அவுட் கிண்ணம் ஒன்றைக் கொடுத்தது. விளம்பரமே வாங்காத பிபிசியில்கூட வர்ணனையாளர் கிண்ணத்தின் பெயரைச் சொல்லித்தானே ஆகவேண்டும்!

பெயரும் கடைக்கு வரும் சரக்கைப் பொறுத்து மாறியது. முதலில் பிளேயர்ஸ் நம்பர் 6, அடுத்து ஜான் பிளேயர், பிறகு ஜான் பிளேயர் ஸ்பெஷல், கடைசியில் ரீகல். 25 பருவங்களில் நான்கு பெயர்கள், எல்லாமே இம்பீரியல் டொபாக்கோவின் சிகரெட்டுகள். சாராயக்காரர்களுக்கு இந்தப் பொறுமையும் இருக்கவில்லை: கேப்டன் மோர்கன் ரம்மின் பெயரில் 1973–74இல் நடந்த கிண்ணம் ஒரே பருவத்தோடு முடிந்தது. வாரிங்டன் 4–0 என்று ஃபெதர்ஸ்டோனை வென்றதே அதன் ஒரே இறுதியாட்டம்.

அதற்காக ஜான் பிளேயர் கிண்ணத்தை வெறும் விளம்பரப் பலகை என்று ஒதுக்கிவிட முடியாது. 1972 ஜனவரியில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் ஹாலிஃபாக்ஸ் 22–11 என வேக்ஃபீல்டை வென்றது. ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1977இல் அதே ஹாலிஃபாக்ஸின் சொந்தத் திடலான திரம் ஹாலுக்கு, ஹல் நகரத்து அமெச்சூர் அணியான காவுட்ஸ் வந்திறங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவர்கள் சம்பள ஆட்டக்காரர்களை 9–8 என்று சாய்த்தார்கள். பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்கும் ‘டிரை’ ஒன்றுக்கு 3 புள்ளி இருந்த காலம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அமெச்சூர் அணி ஒன்று தொழில்முறை அணியை வென்றது 1909க்குப் பிறகு அதுவே முதல்முறை. இந்தக் கிண்ணத்தை எட்டு முறை வென்ற விகனும் 1994 இறுதியாட்டத்தில் காசல்ஃபோர்டிடம் 33–2 என்று நொறுங்கியது.

கிண்ணத்தின் முடிவுக்குப் புகையிலை ஆதரவைத் தடைசெய்த சட்டத்தைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் ஆண்டுகள் ஒத்துவரவில்லை. 1995இல் ஊடக முதலாளி முர்டோக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் பெரும் பணத்தோடு வந்து சூப்பர் லீக் என்ற புதிய போட்டிக்கு வழிசெய்தது. குளிர்கால ஆட்டம் கோடைக்கு மாறியது. ரீகல் கிண்ணம் ஆடப்பட்ட மாதங்கள் அட்டவணையிலிருந்தே மறைந்தன. 1996 ஜனவரி 13 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் விகன் 25–16 என செயின்ட் ஹெலன்ஸை வென்றது கடைசி இறுதியாட்டம். மார்ச் 29 அன்று பாரிஸில் சூப்பர் லீக் தொடங்கியது. உள்நாட்டு விளையாட்டுக்குப் புகையிலை ஆதரவு தடைப்பட்டதோ 2003இல்தான்.

1897இல் பேட்லி அணி முதன்முதலாக வென்ற ரக்பி லீக் சேலஞ்ச் கிண்ணமும் அதே கோடைப் பருவத்துக்குள் இழுக்கப்பட்டது. அதற்கும் சிகரெட் ஆதரவாளர்கள் உண்டு: ஸ்டேட் எக்ஸ்பிரஸ், பிறகு 2001 வரை சில்க் கட். ஆனால் அந்தப் பெயர்களைக் கழற்றிவிட்டாலும் சேலஞ்ச் கிண்ணம் சேலஞ்ச் கிண்ணமே. அதனால் அட்டவணையில் அதற்கு இடம் ஒதுக்கியே தீரவேண்டியிருந்தது. 2002இல் கெலாக்ஸ் அதன் ஆதரவாளர் ஆனது. அடுத்த ஆண்டு பவர்ஜென் மின்சார நிறுவனம்.