படப்பெட்டியிலிருந்து ஓடிடி வரை: ஒரு உரிமைக் கணக்கின் கதை

தாம்பரம் சென்னையா, செங்கல்பட்டா? கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் தமிழ் சினிமா வியாபாரத்தில் இதற்குப் பல காலமாக ஒரே பதில்தான். தாம்பரம் செங்கல்பட்டு ஏரியா!

தமிழ்நாட்டைப் பட விநியோகஸ்தர்கள் ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை நகரம் தனி. கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று மற்றவை. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்ததற்கு என்.எஸ்.சி. என்று பெயர். வட ஆற்காடு மாவட்டம் 1989-லும் தென் ஆற்காடு மாவட்டம் 1993-லும் பிரிக்கப்பட்டுவிட்டன. அரசாங்கமே மறந்த பெயர்கள் சினிமாக்காரர்களின் நோட்டில் மட்டும் உயிரோடு இருப்பது வேடிக்கைதான். குரோம்பேட்டையும் தாம்பரமும் இந்த நோட்டில் செங்கல்பட்டுப் பக்கத்தில் வருபவை. சென்னை நகர உரிமையை வாங்கியவர் தன் படத்தைத் தாம்பரத்தில் ஓட்ட முடியாது. அந்த ஊரின் உரிமை வேறொருவர் கையில் இருக்கும்.

இன்றைக்கு 'வீடியோ ஆன் டிமாண்ட்' நடத்தும் நிறுவனங்களின் மென்பொருள் செய்கிற வேலையும் அடிப்படையில் இதேதான். எந்தப் படம், எந்த ஊருக்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, யாருக்கு? இந்த நான்கு கேள்விகளுக்கு அன்றைக்குப் படப்பெட்டி பதில் சொன்னது.

பெட்டி என்பது வெறும் தகரப்பெட்டி இல்லை. ஒரு படத்துக்கு எடுத்த பிரிண்டுகள் குறைவு. முதலில் நகரத்துப் பெரிய தியேட்டர்கள், பிறகு புறநகர், அதன் பிறகு டூரிங் டாக்கீஸ் என்று பெட்டி நகரும். பெட்டி வந்தால் காட்சி, வராவிட்டால் காட்சி இல்லை. குத்தகை முடிந்தால் பெட்டி திரும்பிப் போய்விடும். உரிமை முடிந்த பிறகும் படம் ஓடுகிற தொல்லை அதிகம் இருக்க வழியில்லை. உரிமையும் பொருளும் ஒன்றாகவே பயணம் செய்தன.

இந்த ஏற்பாட்டை உடைத்தது தொலைக்காட்சி. சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தது. திடீரென்று பழைய படங்களுக்கெல்லாம் புது விலை! அப்போதுதான் ஒரு சிக்கல் வெளியே வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுதிய பத்திரங்களில் 'சாட்டிலைட்' என்ற சொல்லே கிடையாது. படத்தின் 'நெகட்டிவ் ரைட்ஸ்' முழுவதையும் ஒரு தொகைக்கு எழுதிக் கொடுத்தவர் வானத்தையும் சேர்த்துக் கொடுத்தாரா, இல்லையா? ஒரே படத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயின.

இதற்கு 2012-ல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் ஒரு வரி போட்டது. உரிமையை எழுதிக் கொடுக்கும் நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு ஊடகத்துக்கு அந்தப் பத்திரம் செல்லாது. அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால்தான் செல்லும். சட்டத்தில் ஏற்கனவே வேறு இரண்டு விதிகள் உண்டு. பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். திரைப்படத்தின் பதிப்புரிமையோ வெளியான பிறகு 60 ஆண்டு வரை நீடிக்கும். ஆக, ஒரு பழைய படத்தை வாங்கும் நிறுவனம் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பத்திரத்தின் தேதியைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கேபிள் நிறுவனங்களுக்கான ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ், 2000-களில் வீடியோ ஆன் டிமாண்டுக்காக ஒரு பொது விவரப் படிவம் உருவாக்கியது. ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு கோப்பு போகும். அதில் உரிமம் தொடங்கும் நாள், முடியும் நாள், பணம் கட்டியவர் எவ்வளவு நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும், என்ன விலை என்பதெல்லாம் இருக்கும். படப்பெட்டி செய்த வேலையை இப்போது அந்தக் கோப்பு செய்தது. ஒரு வித்தியாசம் உண்டு. பெட்டியை ஆள் வந்து தூக்கிப் போவார். கோப்பில் முடியும் நாளைத் தப்பாக அடித்துவிட்டால் யாரும் வரமாட்டார்கள். படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு தெருவுக்கு வந்த வருடம் 2013. கமல்ஹாசன் தன் 'விஸ்வரூபம்' படத்தை ஜனவரி 10 இரவு 9.30 மணிக்கு டிடிஎச் வழியாக வீடுகளில் காட்டப் போவதாக அறிவித்தார். தமிழ்ப் பதிப்புக்குக் கட்டணம் 1000 ரூபாய். தியேட்டரில் மறுநாள்தான். தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். படத்தைத் திரையிடமாட்டோம் என்றார்கள். கமல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார்.

வீட்டில் நாலு பேர் பார்த்தால் தியேட்டர் கூட்டம் குறையும் என்ற பயம் மேலோட்டமானது. ஆழத்தில் இருந்தது ஏரியாக் கணக்கு. தாம்பரத்தில் மொட்டை மாடியில் டிஷ் வைத்திருப்பவர் செங்கல்பட்டு ஏரியாவில் இல்லை! அவருடைய 1000 ரூபாய் விநியோகஸ்தருக்கும் போகாது, தியேட்டருக்கும் போகாது. பெரிய பணம் கொடுத்து வாங்கிய ஏரியாவுக்குள் வேலியே இல்லாத ஒரு வழி திறந்துவிட்டது. தியேட்டர்காரர்களைப் பழமைவாதிகள் என்று அன்று பலர் கிண்டல் செய்தார்கள். அது நியாயமில்லை. அவர்கள் விற்பனைப் பத்திரத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள்.

கடைசியில் தேதிகள் மாறின. தியேட்டருக்கு ஜனவரி 25, டிடிஎச்சுக்குப் பிப்ரவரி 2 என்று சமரசம். அதற்குள் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து மாநில அரசு தடை விதித்தது. தனி நீதிபதி தடையை நீக்க, அடுத்த நாளே டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வைத்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சில இடங்களில் மாற்றம் செய்து பிப்ரவரி 7 அன்றுதான் தமிழ்நாட்டில் படம் வந்தது. பிப்ரவரி 2 அன்று டிடிஎச்சில் படம் வரவில்லை. இதில் மென்பொருள் ஆட்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. வேறு இடங்களில் வெளியான பதிப்பும் தமிழ்நாட்டில் வெளியான பதிப்பும் ஒன்றல்ல. ஹிந்தியில் 'விஸ்வரூப்' தனி. ஒரே படத்தின் பெயருக்குக் கீழே மூன்று பதிப்புகள். பெயரை மட்டும் வைத்துத் தேடுகிற அமைப்பு எதை ஒளிபரப்பும்? 2010-ல் தொடங்கிய ஐடர் என்ற உலகப் பதிவேடு ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண் கொடுப்பது இதனால்தான்.

அதன் பிறகு இரண்டு முயற்சிகள். இயக்குநர் சேரன் 2015-ல் 'சினிமா டூ ஹோம்' தொடங்கி, 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டி.வி.டி.யில் 50 ரூபாய்க்கு வீட்டுக்கே கொண்டு வந்தார். தியேட்டர் கிடைக்காத சிறு படங்களுக்கு இது வழியாகும் என்று நினைத்தார். திட்டம் நிலைக்கவில்லை. இன்னொரு பக்கம், 2014-ல் வந்த ஹீரோடாக்கீஸ் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு மட்டும் இணையத்தில் படம் காட்டியது. சென்னையில் உருவான தளத்தைச் சென்னைக்காரர் பார்க்க முடியாது! அது வாங்கியிருந்தது வெளிநாட்டு உரிமை மட்டும்தான். பார்ப்பவரின் இணைய முகவரியை வைத்து நாட்டைக் கண்டுபிடித்து வாசலிலேயே நிறுத்துகிற இந்த முறைதான் பழைய ஏரியா வேலியின் புது வடிவம்.

கொரோனா வந்தபோது தியேட்டர்கள் மூடின. 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தது. தியேட்டர் உரிமையாளர்கள் சூர்யாவின் நிறுவனப் படங்களைத் திரையிடமாட்டோம் என்று எச்சரித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 12-ல் 'சூரரைப் போற்று'வும் அங்கேயே வந்தது. 2021-ல் 'மாஸ்டர்' தியேட்டரில் ஜனவரி 13, பிரைமில் ஜனவரி 29. வெறும் 16 நாள்! 2023-ல் 'லியோ' படத்தின் ஹிந்திப் பதிப்பை வடக்கத்திய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. அவை கேட்டது 8 வார இடைவெளி. தமிழில் வழக்கம் 4 வாரம். படம் நெட்ஃபிளிக்ஸில் இந்தியாவுக்கு நவம்பர் 24, மற்ற நாடுகளுக்கு நவம்பர் 28 என்று இரண்டு தேதிகளில் வந்தது. ஒரே நிறுவனம், ஒரே படம், இரண்டு தேதி.

தேதி என்று சொல்லும்போது யாருடைய நள்ளிரவு என்ற கேள்வியும் வருகிறது. இந்தியாவில் இரவு 12 அடிக்கும்போது சிங்கப்பூரில் அதிகாலை 2.30. நவம்பரில் லண்டனில் முந்தைய நாள் மாலை 6.30. பத்திரத்தில் வெறும் தேதி மட்டும் எழுதினால் அரை நாள் சண்டைக்கு இடம் இருக்கிறது. எனவே இனி வரும் மென்பொருளில் தேதியோடு நேர மண்டலமும் கட்டாயமாக வேண்டும். ஒரே நாட்டுக்கு ஒரே காலத்தில் இருவருக்குத் தனியுரிமை பதிவானால் அங்கேயே நிறுத்த வேண்டும். தியேட்டர் தேதி தள்ளிப்போனால் அதற்குப் பிந்தைய எல்லாத் தேதிகளும் தானாக நகர வேண்டும் ('விஸ்வரூபம்' போல மீண்டும் மீண்டும் மாறினாலும்!). எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப் பத்திரத்தின் படம் ஒவ்வொரு பதிவோடும் இணைந்திருக்க வேண்டும். 1960-ல் எழுதிய பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று கணினியால் ஊகிக்க முடியாது. தப்பாக ஊகித்தால் நஷ்டம் யாருக்கு? படத்தை என்றோ எடுத்துவிட்டு, இன்று பேரப்பிள்ளைகள் கையில் ஒரு பழுப்புக் காகிதத்தை மட்டும் விட்டுப்போன தயாரிப்பாளர் குடும்பத்துக்கு.

ஊர் எல்லைகள் தங்கள் போக்கில் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2012-ல் கேபிளை டிஜிட்டலாக்கும் உத்தரவு சென்னைப் பெருநகரப் பகுதி முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அதில் தாம்பரமும் சென்னைதான். 2019-ல் அது புதிய செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 2021-ல் தனி மாநகராட்சி ஆனது. ஓடிடி நிறுவனங்களின் பட்டியலில் தாம்பரம் என்ற கட்டமே இல்லை. 'இந்தியா' என்ற கட்டத்துக்குள் கரைந்துவிட்டது.