கை செய்த குற்றமா, ஆள் செய்த குற்றமா?

பி.காம் படிக்கிறவனுக்குப் பழைய கிரேக்கத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கம்பெனி சட்டப் பாடத்தில் கையைத் தூக்கி வாக்களிப்பது பற்றி ஒரு பிரிவு வருமே (2013 சட்டம், பிரிவு 107), அதே வேலையை ஏதென்ஸ்காரர்கள் 2400 வருடங்களுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'கெய்ரோடோனியா'. 'கெய்ர்' என்றால் கை. படைத்தளபதிகள் பத்து பேரையும் இப்படிக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கிருந்து நூல் பிடித்துப் போனால், கிரேக்கர்களின் சட்டப் பேச்சு முழுக்கக் கையாகவே இருக்கிறது. ஹீசியட் என்ற பழங்காலக் கவிஞர், கெட்டுப்போன காலத்து மனிதர்களை 'கையையே நீதியாகக் கொண்டவர்கள்' என்று பொருள்படும் ஒரே சொல்லால் குறிக்கிறார். நம் ஊரில் 'தடி எடுத்தவன் தண்டல்காரன்' என்கிறோம் இல்லையா, அதேதான். ஏதென்ஸில் அடிதடி வழக்கு வந்தால், அநியாயக் கையை முதலில் தொடங்கியது யார் என்று பார்ப்பார்கள். நம் பஞ்சாயத்திலும் முதல் கேள்வி அதுதானே: "மொதல்ல கை நீட்டுனது யாரு?"

(இடையில் ஒரு சின்ன விஷயம். 'கைது', 'கைதி' இரண்டிலும் இருப்பது நம் கை அல்ல. 'கைத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. கட்டு, விலங்கு என்று பொருள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது பேசும் நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது :-))

இனிதான் முக்கியமான இடம். தவறு செய்தது கையா, ஆளா?

கி.மு. 330-ல் ஏஸ்கினிஸ் என்ற பேச்சாளர் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். ஒருவன் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டால், அதைச் செய்த கையை மட்டும் வெட்டி, உடலைவிட்டுத் தனியே புதைப்பார்களாம். மேலே விழுந்து ஆளைக் கொன்ற கல்லையும் கட்டையையும் இரும்பையும் நாட்டு எல்லைக்கு வெளியே எறிந்துவிடுவார்களாம். கல்லைப் போலக் கையும் ஒரு தனிக் குற்றவாளி!

சிரிக்க வேண்டாம், நம்மிடமும் பொற்கைப் பாண்டியன் இருக்கிறான். இரவுக் காவல் சுற்றும்போது கீரந்தை வீட்டில் ஆண்குரல் கேட்டு, அயலான் என்று நினைத்துக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருந்தது ஊரிலிருந்து திரும்பிய கணவன். அந்தப் பெண்மேல் சந்தேகம் விழக்கூடாதே என்று தெருவில் உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டு வருகிறான். மறுநாள் வழக்கு வந்ததும், தட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு பொன்னால் கை வைத்துக்கொள்கிறான்.

இந்தக் கதையைச் சிலப்பதிகாரத்தில் மதுரையின் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது என்பதுதான் வேடிக்கை. ஏனென்றால் கண்ணகியின் வழக்கில் சிக்கலே வேறு. கோவலனை வெட்டியது காவலனின் கை. நெடுஞ்செழியன் வாளைத் தொடவே இல்லை, கட்டளை மட்டும்தான் போட்டான். ஆனாலும் உண்மை தெரிந்ததும் அவன் காவலனைக் கை காட்டவில்லை. தானே கள்வன் என்று ஏற்று உயிரை விடுகிறான்.

ஏதென்ஸ் சட்டமும் இந்த இடத்துக்கு வந்திருந்தது. திட்டம் போட்டவனும் கையால் செய்தவனும் ஒரே குற்றத்துக்கு ஆளாவார்கள் என்ற சட்டத்தை ஆண்டோகிடிஸ் தன் வழக்கில் எடுத்துச் சொல்கிறார். அது கி.மு. 400-ஐ ஒட்டிய காலம்.

கையைத் தண்டிப்பது சுலபம், அது கண்ணுக்குத் தெரிகிறது. கைக்குப் பின்னால் இருப்பவனைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

நம்ம ஊர் பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். டேனரிக் கழிவு நீரைத் திறந்துவிட்டது யார் என்று தேடினால், வால்வைத் திருப்பிய ஒரு தொழிலாளியின் கைதான் கிடைக்கும். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் தோல் உரிந்த கை. அவன் கையைப் பிடித்து என்ன பயன்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தரவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லி, டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. எந்தக் கை திறந்தது என்று நீதிமன்றம் கேட்கவில்லை. யாருடைய தொழில் என்று கேட்டது.

அபராதத் தொகை சின்னதுதான், நிலம் திரும்பி வந்துவிடவும் இல்லை. ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அடுத்த முறை ஏதாவது விபத்துச் செய்தியில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று படித்தால், அது கையைத் தனியாக வெட்டிப் புதைக்கிற வேலையா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.