ஒப்புதலா, கலந்தாலோசனையா? உச்ச நீதிமன்ற நியமனத்தின் வரலாறு

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நெல்லித்தோப்பில் எழுந்த ஒரு சொத்து வழக்கு புதுச்சேரி மேல்முறையீட்டு மன்றத்தையும் கடந்து செல்லுமானால், அதன் இறுதி வாயில் பாரிஸில் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தன. அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகார வரம்பு புதுச்சேரிக்கும் நீண்டது. இறுதி வாயில் தில்லிக்கு மாறியது. அங்கே அமரும் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்னும் வினாவும் அதனோடு நம்மை வந்தடைந்தது.

அவ்வினா 1949 மே 24 அன்றே அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்து நியமிக்க வேண்டும் என்றது வரைவு. சென்னை மாகாணத்தின் முஸ்லிம் உறுப்பினர்களான பி. போக்கர் சாகிபும் மஹ்பூப் அலி பேக் சாகிபும் கலந்தாலோசனை போதாது, தலைமை நீதிபதியின் ஒப்புதலே வேண்டும் எனத் திருத்தம் கோரினர். ஆட்சியாளரின் விருப்பு வெறுப்புக்கு நீதிமன்றம் இரையாகக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் நியமனம் முற்றிலும் ஆட்சித்துறையின் கையில் இருந்தது. அமெரிக்காவில் செனட் சபையின் இசைவு வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியையே தாம் நாடுவதாக அவர் கூறினார். தலைமை நீதிபதியும் குறைபாடுகள் உள்ள மனிதரே. அவருக்கு மறுப்பதிகாரம் தருவதும் ஆபத்தானது என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது, ‘கலந்தாலோசனை’ நிலைத்தது.

அச்சொல்லின் வலுவின்மை பின்னர் வெளிப்பட்டது. 1973இல் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு உரிமைக்காகத் தனித்து நின்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய எச்.ஆர். கன்னாவைப் புறந்தள்ளி, 1977இல் எம்.எச். பேக் நியமிக்கப்பட்டார். நியமனம் பெற்றவர் முஸ்லிம் என்பதற்காக அதை நாம் நியாயப்படுத்த இயலாது. 1981இல், நாகூரில் பிறந்தவரும் கம்பனை ஆழக் கற்றவருமான சென்னைத் தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயீல் கேரளத்துக்கு மாற்றப்பட்டார். அவர் பதவி துறந்தார். அத்தகைய இடமாற்றங்களையும் நியமனங்களையும் விசாரித்த எஸ்.பி. குப்தா வழக்கில், கலந்தாலோசனை என்பது ஒப்புதல் ஆகாது என்று அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றது. 1949இல் தோற்ற திருத்தம் நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பின் வழியே ஏறக்குறைய நிறைவேறியது எனலாம். 1998இல் தலைமை நீதிபதியும் மூத்த நால்வரும் கொண்ட கொலீஜியம் வரையறுக்கப்பட்டது. அதற்கு மாற்றாக 2014இல் நாடாளுமன்றம் அமைத்த நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16இல் நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது.

ஆயின் போக்கர் சாகிபின் அச்சம் தீர்ந்ததா? 2019இல் அகில் குரேஷியை மத்தியப் பிரதேசத் தலைமை நீதிபதியாக்கக் கொலீஜியம் பரிந்துரைத்தது. அரசு இசையவில்லை, கொலீஜியம் தன் முடிவை மாற்றி அவரைத் திரிபுராவுக்குப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றத்தை எட்டாமலே 2022இல் அவர் ஓய்வு பெற்றார். அதிகாரம் கையில் இருந்தும் நீதிபதிகள் இணங்கிப்போகக்கூடும் என்பதை இது காட்டுகிறது. அம்பேத்கரின் ஐயமும் பொய்யன்று.

காஜிகளை நியமித்தவர்கள் கலீஃபாக்களே. கலீஃபா மன்சூர் அளித்த பதவியை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மறுத்துச் சிறை புகுந்தார் என்பர். அவர் மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காஜியாகப் பணியாற்றினார். மறுத்தவருக்கும் ஏற்றவருக்கும் பொதுவான பலம் ஒன்றிருந்தது: அவர்கள் கையாண்ட ஃபிக்ஹு அரசன் இயற்றியதன்று.

நியமிப்பவர் எவராயினும், தேர்வுக்கும் நிராகரிப்புக்கும் காரணம் சொல்லப்பட வேண்டும். ஹதீஸ் அறிவிப்பாளர் ஒருவரை ஏற்கவும் தள்ளவும் காரணங்களைப் பெயரோடு எழுதிவைத்த மரபு நம்முடையது. ஒரு நாட்டின் உச்ச நீதிபதிகளைத் தெரிவு செய்வதில் அதனினும் குறைந்த கவனம் போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்?