உப்பும் உமரியும்

திருவரங்குளம் கடல் காணாத ஊர். அது அடங்கியிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்கும் கடற்கரை இருந்ததில்லை. உவர்மண்ணைக் கரைத்து, வடித்துக் காய்ச்சி எடுத்த மண்ணுப்பே இங்குப் பெரிதும் வழங்கிற்று. அதனால் தன் உப்பு வருவாய்க்கு ஊறு நேர்வதாக ஆங்கில அரசு கருதியது. 1887-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி மண்ணுப்புத் தொழில் நிறுத்தப்பட்டது. ஈடாகச் சமஸ்தானம் ஆண்டுதோறும் 38,000 ரூபாய் பெற்றது. உவர்மண்ணுக்கும் கணக்கு இருந்த காலம் அது.

14-1-1974 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, கட்டுமாவடி முதல் மீமிசல் வரையிலான கடற்கரையும் இதனோடு சேர்ந்தது. உடன் வந்தது உமரி. இலையற்ற, கணுக்கணுவான சதைத்தண்டுகள் சேற்றில் வேரூன்றிப் பாய் விரித்தாற்போலப் படரும் சிறு செடி அது. வேனிலில் செந்நிறம் கொள்ளும். உறிஞ்சிய உப்பைத் தன் உடலிலேயே தேக்கி வைப்பதால், பிற பயிர் கருகும் நிலத்திலும் தழைக்கும்.

இதற்கும் ஒருகாலத்தில் மதிப்பு இருந்தது. உமரியை எரித்த சாம்பலில் சோடா உண்டு. சோழமண்டலக் கரையின் உமரியும் அதன் இனச்செடிகளும் உலகு முழுமைக்கும் சவர்க்காரமும் கண்ணாடியும் செய்யப் போதுமென்று கருதினார், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் வில்லியம் ராக்சுபரோ. ஆயின், கறியுப்பிலிருந்தே சோடா செய்யும் முறைக்குப் பிரான்சில் லெப்லாங்க் 1791-இல் உரிமம் பெற்றிருந்தார். அம்முறை பரவியபின் செடிச்சாம்பலை நாடுவார் குறைந்தனர். உமரி நிலம் வெற்று நிலமாக எண்ணப்பட்டது.

அவ்வெண்ணத்தின் விளைவை 1990-களில் காண நேர்ந்தது. கிழக்குக் கரையெங்கும் உவர்நிலங்கள் இறால் குளங்களாக வெட்டப்பட்டன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், சதுப்பையும் உப்பளத்தையும் விளைநிலத்தையும் இறால் குளமாக்கலாகாது என 11-12-1996 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ, பதிவு பெற்று இறால் வளர்க்கும் வழியை வகுத்தது.

உமரி படர்ந்த தரை சேற்றைப் பற்றி நிறுத்துகிறது. அலையின் அரிப்பைத் தணிக்கிறது. நண்டுக்கும் நீர்ப்பறவைக்கும் இடம் தருகிறது. இவை எந்த வருவாய்க் கணக்கிலும் ஏறுவதில்லை. மக்கள் வழக்கு மட்டும் மறக்கவில்லை. தூத்துக்குடி மாவட்டத்து உமரிக்காடு அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. நெய்தலைப் பாடும் கவிஞர், தாழையோடும் அடும்போடும் உமரியையும் பெயர் சுட்டிப் பாடுதல் தகும். பெயரறியா நிலத்தை வெற்று நிலமென்று எழுதிவிடுதல் எளிது.