கடையம் வட்டாரத்தில் காடும் கழனியும்: பாதுகாப்பு முன்னுரிமைகளின் வரலாறு (1882–2025)

முன்னுரை

தென்காசி மாவட்டத்துக் கடையம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. மலையிலிருந்து இறங்கும் இராமநதியும் கடனாநதியும் இவ்வட்டாரத்துக் குளங்களையும் வயல்களையும் வளப்படுத்தித் தாமிரபரணியைச் சேர்கின்றன. காடு, அடிவாரப் புன்செய், குளம், நன்செய் ஆகிய நான்கும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பது இந்நிலத்தின் இயல்பு. இவற்றுள் எதனை முதலில் காப்பது என்பது எந்த அளவுகோலின்படி முடிவு செய்யப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லை வகுத்த சட்டங்கள்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்து அறிவிக்கும் முறையை ஏற்படுத்தியது. மேய்ச்சல், வழித்தடம், நீர்வழி ஆகியவற்றின் மீதான உரிமைகளை விசாரிக்கத் தனி அலுவலரை நியமிக்கவும் அது வழிசெய்தது. விசாரணை முடிந்து எல்லை வகுக்கப்பட்டபின், காடு வனத்துறையின் பொறுப்பாகவும் கழனி வருவாய்த்துறையின் கணக்காகவும் பிரிந்தன. 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாயின. 1988இல் இவை இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவாயிற்று. கடையம் வனச்சரகம் இன்று இக்காப்பகத்தின் அம்பாசமுத்திரம் கோட்டத்தைச் சேர்ந்தது.

வேளாண்மைக்கான முன்னுரிமை வேறொரு துறையின் வழியாக வந்தது. கடனாநதி, இராமநதி அணைகள் 1974இல் பயன்பாட்டுக்கு வந்தன; கார், பிசானம் ஆகிய இருபோக நெற்சாகுபடிக்கு இவை துணையாயின. இவ்வாறு காட்டுக்கு ஒரு திட்டமும் பாசனத்துக்கு மற்றொரு திட்டமும் அமைந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓடை, குளக்கரை, மேய்ச்சல் நிலம், மானாவாரிப் புன்செய் ஆகியவை எவருடைய முன்னுரிமையிலும் இடம்பெறவில்லை.

இடைநிலத்தின் சுமை

1990களில் உலக வங்கி நிதியுதவியுடன் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் செயற்படுத்தப்பட்டது. கிராம வனக் குழுக்கள் வழியாக மாற்றுத் தொழில்களுக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் உதவி வழங்கப்பட்டது. மக்களைப் பங்காளிகளாக ஏற்றது இத்திட்டத்தின் சிறப்பு. எனினும் அதன் நோக்கம் மக்கள் காட்டைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதே; காட்டுவிலங்குகள் கழனிக்கு வருவது அதன் மையப் பொருளாகவில்லை.

அச்சிக்கல் 2025இல் அரசாணையாக வெளிப்பட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றிகளைக் கொல்லத் தடை, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்து அகற்றுதல், அதற்கப்பால் வனத்துறையினர் சுட அனுமதி என்று அது நிலத்தை மூன்றாகப் பகுத்தது. வனவுயிர்ப் பாதுகாப்பு நோக்கில் இப்பகுப்பு பொருத்தமானதே. ஆயினும் காட்டை ஒட்டிப் பயிரிடுபவரே பெரும் இழப்புக்கு உள்ளாகிறார். அவருக்கே மிகக் குறைந்த வழிகள் எஞ்சுகின்றன. இழப்பீடு காலத்தில் கிடைக்காவிடில் அவர் நிலத்தைத் தரிசாக விடவோ விற்கவோ நேரும். விற்ற நிலம் மனைகளாகவும் செங்கற்சூளைகளாகவும் மாறினால், காப்பகம் தன் இயற்கை அரணை இழக்கும்.

முன்னுரிமைக்கான அளவுகோல்

பரப்போ அரிய உயிரினமோ மட்டும் அளவுகோலாக முடியாது. மீட்க இயலாமை, பலபயன் ஆகிய இரண்டையும் இக்கட்டுரை முன்வைக்கிறது. தூர்ந்த குளத்தை மீண்டும் தூர்வாரலாம். கட்டடம் எழுந்த நீர்ப்பிடிப்பை மீட்பது அரிது. ஆகவே ஓடைகளும் குளங்களும் முதலிடம் பெறும். 2011 முதல் நடைபெறும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு, பாசனக் குளமே பறவைகளின் வாழிடமும் என்பதை உறுதிப்படுத்துகிறது. அடிவாரப் புன்செய் இரண்டாவதாகவும், ஆற்றுப்பாசன நன்செய் மூன்றாவதாகவும் அமையலாம். காப்புக்காட்டுக்கு ஏற்கெனவே சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால் அது இவ்வரிசையில் சேர்க்கப்படவில்லை.

முடிவுரை

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களுக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கும் இடமளிக்கிறது. 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி இச்சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் குன்று, சுனை, வயல் ஆகியவை ஒருங்கே அமைந்துள்ளன. கடையத்திலும் இவ்வழி திறந்தே உள்ளது. 1882இல் வகுத்த கோட்டின் இருபுறத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதுவதே அதன் முதற்படியாகும். அப்பதிவேட்டில் பறவையின் பெயருக்கு அருகே பயிர் இழந்தவரின் கணக்கும் இடம்பெற வேண்டும்.