பெயரும் எண்ணும்: வில்லார்ட் மனநோய்க் காப்பகத்தின் வரலாறு

முன்னுரை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனிகா ஏரியின் கிழக்குக் கரையில் அமைந்த வில்லார்ட் மனநோய்க் காப்பகம் 1869 முதல் 1995 வரை இயங்கியது. கருணையின் பொருட்டுத் தோன்றிய இந்நிறுவனம் தன்னிடம் வந்தோரைப் பெயரற்றவர்களாக்கிய வரலாற்றை, அங்கு எஞ்சிய பெட்டிகளையும் கல்லறைகளையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

1843இல் திறக்கப்பட்ட யுடிகா காப்பகம் குணமடையும் வாய்ப்புள்ளோருக்கே முதலிடம் அளித்தது. நாட்பட்ட நோயுடைய ஏழைகள் மாவட்ட வறியோர் இல்லங்களில் விடப்பட்டனர். அவர்களுள் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டும் இருட்டறைகளில் அடைக்கப்பட்டும் கிடந்தனர். இந்நிலையை மருத்துவர் சில்வெஸ்டர் வில்லார்ட் தம் அறிக்கையில் வெளிக்கொணர்ந்தார். அதன் விளைவாக 1865இல் புதிய காப்பகத்திற்கான சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்ததால், காப்பகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

விரிவாக்கம்

1877 அளவில் ஏறத்தாழ 1,500 நோயாளிகளைக் கொண்டு, நாட்டின் மிகப்பெரிய மனநோய்க் காப்பகமாக வில்லார்ட் வளர்ந்தது. வயல், சலவையகம், தையற்கூடம் ஆகியவற்றில் நோயாளிகளே உழைத்தனர். குணமாகாதோருக்கென்றே நிறுவப்பட்டதால், இங்கு வந்தோருள் பலருக்கு வீடு திரும்பும் வழி தொடக்கத்திலேயே அடைபட்டது. சங்கிலி நீங்கியது, ஆயினும் சிறை நீங்கவில்லை.

பெட்டிகளும் கல்லறைகளும்

காப்பகம் மூடப்பட்டபோது, கட்டடமொன்றின் பரணில் நானூறுக்கும் மேற்பட்ட பயணப்பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. உடைகள், கடிதங்கள், ஒளிப்படங்கள் முதலியன அவற்றில் இருந்தன. மருத்துவக் குறிப்பேடுகள் நோயை மட்டுமே பதிவு செய்ய, இப்பெட்டிகள் நோய்க்கு முந்தைய வாழ்வைப் பாதுகாத்தன. இவை நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன.

காப்பக இடுகாட்டில் 5,700க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர். அவர்களின் கல்லறைகளுக்குப் பெயர் இடப்படாமல் எண்களே இடப்பட்டன. ஏறத்தாழ 1,500 புதைகுழிகளைத் தோண்டியவரும் ஒரு நோயாளியே. 1968இல் இறந்த அவரும் எண்ணாகவே அடக்கம் செய்யப்பட்டார்.

பின்னர் ஆய்வாளர்கள் இவர்களின் வாழ்க்கையை எழுத முற்பட்டபோது, நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் விதிகள் குறுக்கிட்டன. எனவே 2008இல் வெளிவந்த நூலில் மாற்றுப்பெயர்களே ஆளப்பட்டன. உயிருடன் இருப்போரை அவமதிப்பிலிருந்து காக்கும் விதி, இறந்தோரின் அடையாளத்தை மறைக்கும் திரையாகவும் மாறியது.

முடிவுரை

மனநோயை இழிவாகக் கருதும் மனப்பாங்கு நிலவும்வரை, பெயரை மறைப்பது பாதுகாப்பாகவே தோன்றும். அம்மறைப்போ அவ்விழிவை மேலும் உறுதிப்படுத்துகிறது. புதைகுழி தோண்டியவருக்கு 2015இல் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டமை இச்சுழலிலிருந்து விடுபடும் வழியைக் காட்டுகிறது. காப்பகத்தை நிறுவக் காரணமானவரின் பெயர் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. அங்கு வாழ்ந்து மடிந்தோரின் பெயர்களை மீட்பது வரலாற்றுத்துறையின் நிறைவுபெறாத கடமையாகும்.